நம்பிராஜன் சாரின் கடைசிக் கதை

நம்பிராஜன் சாருக்கு மாட்டுங்காவில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒன்பது பேர் பேசினார்கள். சாரை எப்போதிலிருந்து தெரியும், சார் தங்கள் வீட்டில் எத்தனை தடவை காபி குடித்தார், தங்கள் கவிதையை எப்படிப் புகழ்ந்தார் என்று ஒன்பது பேரும் தங்களைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். சார் யாரையும் அவ்வளவு சுலபத்தில் புகழ்கிற ஆள் இல்லை. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கலாமா என்று இருந்தது எனக்கு. பக்கத்தில் இருந்த ஹனீப் என் முழங்காலை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

முகம்மது ஹனீப் தாராவியில் பை தைக்கிறவன். நான், சுயம்பு, அதே தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் நீக்குகிறவன். எங்கள் இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. சார் காலேஜில் இருபத்தாறு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தார், இரண்டு நாவல் எழுதினார் என்றெல்லாம் சொன்னார்கள். ஆறு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் இந்தக் கூட்டம் நடந்த அதே கட்டடத்தின் மேல்மாடியில் எங்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தாரே, அதை ஒருத்தரும் சொல்லவில்லை. செம்பூரிலிருந்து ரயில் மாறி வந்து பூட்டைத் திறந்து, பெஞ்சைத் தானே துடைத்துப் போட்டு, "வாங்கடே" என்று எங்களை உட்கார வைத்த மனுஷன் அவர். கதையில் 'அழகான' என்று யாராவது சொல்லிவிட்டால் அவன் எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு தடவை அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய்ப் பதினாலு டீ வாங்கி வந்தார். அப்படிப்பட்டவரைப் போன மாதம் ரயில்வே படிக்கட்டில் நெஞ்சு அடைத்துச் சாகக் கொடுத்தோம். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

பத்தாவதாக சுப்ரமணியன் எழுந்தார். பெரிய ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், கூட்டத்தை நடத்தின தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். கையில் இரண்டு நீளமான நோட்டுகளைத் தூக்கிக் காட்டினார். சாருடைய அலமாரியில் கிடைத்ததாம். பதினோரு கதைகள், எல்லாமே சாருடைய கையெழுத்து, எதுவும் இதுவரை அச்சாகவில்லை. அடுத்த திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது என்றார். 'நம்பிராஜனின் கடைசிக் கதைகள்' என்று தலைப்பும் வைத்தாகிவிட்டது. கூட்டம் கைதட்டியது. அதில் ஆகச் சிறந்தது என்று சொல்லி 'முறை' என்ற கதையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை சேட்டின் ஷாப்பில் மெஷின் ஓடாது. குழி மட்டும் காத்திருக்கும்."

ஹனீப் என் பக்கம் திரும்பினான். நான் திரும்பவில்லை. அது நான் சொன்ன வாக்கியம். அந்தப் பதினோரு கதையும் நாங்கள் சொன்ன கதைகள்.

எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத வராது. நான் முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் இந்தியில் படித்தவன். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் பம்பாய் இந்தி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவே சாரிடம்தான் கற்றேன். அதனால் சார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எழுத வராதவன் வாயால் சொல்லவேண்டும், அவர் நோட்டில் எழுதுவார். ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டார். "நீ சொன்னது இதுதானடே?" என்று திரும்பப் படித்துக் காட்டுவார். முதலில் கதைக்கு மேலே பேரும் போட்டுக்கொண்டிருந்தார். எங்களில் ஒருத்தன் தன் முதலாளியைப் பற்றிச் சொன்ன கதை சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் வந்து, முதலாளியின் கணக்கப்பிள்ளை அதைப் படித்துச் சொல்லி, அவனுக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து சார் யாருடைய பேரையும் எழுதவில்லை. யாருடையது எது என்று அவருக்கு மனப்பாடம். அவர் இருக்கிற வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஹனீப் என்னை இழுத்துக்கொண்டு சுப்ரமணியனிடம் போனான். இதெல்லாம் எங்கள் கதை சார் என்று சொன்னான். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எங்களை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். சாருக்கு நாங்கள் எல்லாரும் அனுபவங்களைச் சொல்லியிருப்போம், அதில் சந்தேகமில்லை, முன்னுரையில் "கச்சாப்பொருள் தந்த தாராவித் தொழிலாளர்களுக்கு" நன்றி போடலாம் என்றார். கச்சாப்பொருள். நான் நாள் பூராவும் கையில் பிடித்து உரிக்கிறது கச்சாப்பொருள். அதற்கும் எனக்கும் இந்த ஆள் வித்தியாசம் பார்க்கவில்லை.

ஹனீப் விடவில்லை. ரயிலில் பையைத் தவறவிட்ட கதை தன்னுடையது என்று வரிக்கு வரி ஒப்பித்தான். சுப்ரமணியன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது. நியாயமாகத்தான் சொன்னார். அவரவர் வந்து இது என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தால், அந்தக் கதைக்கு அவரவர் பேரையே போடலாம். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களோடது எது?"

நான் அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன். என்னுடையது எதுவும் இல்லை என்று சொன்னேன். ஹனீப் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பொசுங்கியிருக்க வேண்டும்.

"அதான் பார்த்தேன்," என்றார் சுப்ரமணியன், ஹனீபிடம். "மத்ததெல்லாம் யார் வேணா சொல்லியிருக்கலாம். 'முறை' சாரைத் தவிர யாரும் எழுதியிருக்க முடியாது. அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே, ஒருத்தன் தன்னைத் தானே அப்படிக் குத்திக் காட்டறது, அதுக்குப் பெரிய படிப்பு வேணும்."

படிப்பு. அதற்கு என்ன வேணும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் தூங்காமல் கிடக்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஷாப்பின் பின்னால் கழிவுத் தண்ணீர் சேர்கிற குழி ஒன்று உண்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை, அடியில் தங்குகிற சகதியை அள்ளவேண்டும். ஒருத்தன் இறங்குவான், ஒருத்தன் மேலே கயிறு பிடிப்பான். யார் முறை என்று சுவரில் சுண்ணக்கட்டியால் பேர் எழுதியிருக்கும். எண்பத்து நாலாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சுவரில் இருந்தது என் பேர். அன்றைக்கு வகுப்பில் சார் என் கதையை எடுத்துப் பேசப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் குழியைப் பார்ப்பேனா வகுப்பைப் பார்ப்பேனா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். என் அண்ணன் ஆறுமுகநயினார் சிரித்துவிட்டு, நீ வகுப்புக்குப் போல, நான் இறங்குதேன் என்றான். மறுத்து ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

வகுப்பில் சார் என்னைப் புகழ்ந்தார். ஆறு வருஷத்தில் அந்த ஒரே ஒரு தடவைதான். சுண்ணாம்புத் தொட்டி வாடையை நான் சொன்ன விதம் மூக்கில் ஏறுகிறது என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்குக் காது சுட்டது. அந்த நேரத்தில்தான் என் அண்ணன் குழிக்குள் விஷவாயு தாக்கி விழுந்து கிடந்தான். கயிறு பிடித்தவன் பீகாரி. பயந்து ஓடினவன் ஓடினவன்தான்.

சாயங்காலம் ஷாப்பில் கூட்டம் கலைந்ததும் நான் தனியே சுவருக்குப் போனேன். தோளில் கிடந்த ஈரத்துண்டால் என் பேரைத் துடைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, என் மதினி பேராச்சியிடம், முக்காதம் பூலோகம் ஆள் விட்டு அண்ணனைக் கூப்பிட்டார் என்று சொன்னேன். முக்காதம் என்றால் ஷாப்பில் எங்களை வேலை வாங்குகிறவர், பூலோகம் என்பது அவர் பேர். அவர் அன்றைக்கு உல்லாஸ்நகரில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயத்துக்குப் போயிருந்தார். நான் ஊரிலேயே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். முதல் நாளே ஆளிடம் சொல்லி வைத்திருப்பான் என்றார்கள் எங்கள் ஆட்கள். மதினி அவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு வருஷம் அவரை யாரும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூப்பிடவில்லை. அவர் மனைவிக்குக் குழாயடியில் இடம் விடவில்லை. குடும்பத்தோடு தாராவியை விட்டே கல்யாண் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் மதினி விளக்கு வைக்கும்போதெல்லாம் அவர் பேரைச் சொல்லித்தான் சபிக்கிறாள். கேட்டுக்கொண்டே நான் சாப்பிடுகிறேன்.

அண்ணன் போய் ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, எல்லாரும் போன பிறகு, சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், அவர் வழக்கம்போல எழுதினார். அவருடைய வகுப்புக்குத்தான் நான் ஓடிவந்தேன் என்ற இடம் வந்தபோதும் பேனா நிற்கவில்லை. துண்டால் பேரைத் துடைத்தது, முக்காதம் மேல் பழி போட்டது வரைக்கும் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் அடித்துவிடுங்கள் சார் என்றேன். அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. சார் நோட்டை மூடிக்கொண்டு சொன்னார்.

"உன் கதைய நான் எழுதிட்டேன்டே. உன் வேலைய நான் செய்யமாட்டேன்."

நல்ல வசனம்தான் சார். ஆனால் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு பூலோகம் என்ன செய்வார்? உங்களுக்குத் தெரியும் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று. மாதம் ஒரு தடவை எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கு வந்தீர்கள். மதினி கையால் வரக்காபி வாங்கிக் குடித்தீர்கள். அவள் அவரைச் சபித்ததை என்னைப் போலவே நீங்களும் கேட்டுக்கொண்டு இருந்தீர்கள். நான் கோழை. நீங்கள் என்ன சார்? என் வாயால் வரவேண்டும் என்று இரண்டரை வருஷம் காத்துக்கொண்டு இருந்தீர்களே, கதையா அது, ஒரு மனுஷன் குடும்பம் இல்லையா? நீங்கள் உயிரோடு இருந்தால் உங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். செத்துப்போய்த் தப்பித்துவிட்டீர்கள். எனக்கு என் அப்பன் செத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை, அதுவும் உண்மை.

அந்த வாரம் பூராவும் எனக்கு ஒரே யோசனை. சும்மா இருந்தால் போதும், கதை சாருடையதாகிவிடும். மாட்டுங்காவில் கைதட்டுவார்கள். துண்டால் பேரைத் துடைத்தவன் சாருடைய கற்பனையில் பிறந்த ஒரு ஆள் என்று ஆகிவிடும். மதினிக்குப் படிக்கத் தெரியாது. நான் தப்பித்தேன். தப்பித்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் சுப்ரமணியன் 'படிப்பு' என்று சொன்னது காதில் விழுந்து உடம்பு எரிந்தது. என் குற்றத்தைக்கூட என்னுடையது என்று நம்பமாட்டேன் என்கிறான் அந்த ஆள். ஹனீப் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மதினி கோலியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் இரண்டு கடைக்கு அவள்தான் போடுகிறாள். நான் எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மதினி, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். சுற்றி வளைக்கவில்லை. சுவரில் இருந்தது என் பேர், அண்ணன் எனக்காக இறங்கினான், நான் வகுப்புக்குப் போனேன், பேரைத் துடைத்தேன், முக்காதம் கூப்பிடவில்லை. சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் சுமந்த விஷயம் ஒரு ஈடு முறுக்கு வேகிற நேரத்துக்குள் முடிந்துபோனது.

மதினி சட்டியில் கிடந்ததை எடுத்து வடியவிட்டாள். ஸ்டவ்வை அணைத்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைய ஒரு மனுசன் வாசல்ல நின்னு மண்ணத் தூத்த வச்சி, மூணு வருசமா சாபம் விட வச்சிட்டியேல," என்றாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "அந்தாளு பொண்டாட்டி மாசமா இருந்தா அப்ப. அவ வயித்தப் பாத்துச் சாபம் விட்டேன். தெரியுமால உனக்கு?"

எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கல்யாணில் வீடு எங்கே என்று விசாரி என்றாள். தாராவிக்குப் பக்கத்திலிருக்கிற சயான் ஸ்டேஷனில் வண்டி ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், அவள் என்னைப் பார்க்கவில்லை. கல்யாணில் பூலோகத்தின் வீட்டைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஸ்டேஷனுக்குக் கிழக்கே தகரம் போட்ட வரிசையில் கடைசி வீடு. அவர்தான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மதினியைப் பார்த்ததும் கதவைச் சாத்தப்போனார். மறுபடியும் சபிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"அண்ணாச்சி, இவன் உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். நின்னு கேளும்," என்றாள் மதினி. "அதுக்குப் பொறவு என்னைய என்ன வேணாலும் சொல்லும்."

மதினியிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். மதினியிடம் நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அவரிடம் வாசலில் நின்றபடி, அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்திருக்க, சொல்லவேண்டியிருந்தது. உள்ளே அவர் மனைவி ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மதினியின் கண் அந்தப் பிள்ளையின் மேலேயே இருந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்ததும் மதினி அந்த வாசலிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பூலோகம் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத இப்ப ஏன் சொல்லுத? யாரு உன்னக் கேட்டா?"

சாரைப் பற்றி, நோட்டைப் பற்றி, திங்கட்கிழமை அச்சுக்குப் போகிற புத்தகத்தைப் பற்றி, அதற்குள் மாட்டுங்கா ஆபீசர் சுப்ரமணியனிடம் எழுதிக் கொடுக்கவேண்டியதைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் கதை எழுத்தெல்லாம் பழக்கமில்லை. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தக் கதையில எம் பேரு இருக்கா?"

இல்லை, யார் பேரும் இல்லை என்றேன். முக்காதம் என்றுதான் இருக்கிறது.

"அப்ப எவனோ ஒரு முக்காதம்," என்றார். "தாராவியில அத்தன பேரு வாயிலயும் எம் பேரு கெடந்துச்சே, அப்ப பேரு வேண்டி இருந்துச்சில்லா? போடு. பூலோகம்னு போடு. அவன் கூப்பிடல, அவன் ஊர்லயே இல்லன்னு போடு. உம் பேரையும் போடு. போட்ட புஸ்தகத்த இங்க கொண்டாந்து எம் பொண்டாட்டி முன்னால படிச்சுக் காட்டு. அதுக்கு மொதல்ல எங்கிட்ட மன்னிப்பு கின்னிப்புன்னு வந்துராத."

கதவைச் சாத்திவிட்டார். எங்களைத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, ஏன் கேட்கவேண்டும்?

திரும்பி வந்த வண்டியில் எனக்கு இரண்டு விஷயம் மனதில் ஓடியது. அவர் சொன்னபடி செய்தால் தாராவி முழுக்கத் தெரியும், அண்ணனைக் குழிக்கு அனுப்பிவிட்டுக் கதை கேட்கப் போனவன் என்று. ஷாப்பில் முகத்தைக் காட்ட முடியாது. இன்னொன்று, நாளைக்கு ஞாயிறு முழுசாக இருக்கிறதே, நிதானமாக யோசித்துச் சாயங்காலம் சுப்ரமணியனிடம் போய்க்கொள்ளலாம். மூன்று வருஷம் தள்ளிப்போட்டவனுக்கு ஒரு நாள் தள்ளிப்போடுவது பெரிய காரியமில்லை. குர்லா தாண்டியதும் எங்கள் ஸ்டேஷனில் இறங்குவதற்காக எழுந்து வாசல் பக்கம் போனேன். வண்டி சயானில் நின்றது. மதினி எழுந்திருக்கவில்லை.

"மதினி, சயான்," என்றேன்.

"தெரியும்," என்றாள். கல்யாணிலிருந்து என்னோடு அவள் பேசின முதல் வார்த்தை அது. "ஏறி வந்து உக்காருல. மாட்டுங்காவுல எறங்கி அந்த ஆபீசர் வீட்டுக்குப் போறோம். நீ எழுதிக் கையெழுத்துப் போடுதத நான் கண்ணால பாக்கணும்."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது.